மலைக்கோட்டையில் மலை எங்கே? – எட்வர்ட் லியரின் அவசரத் தாள்களை முன்வைத்து

திருச்சி மலைக்கோட்டையை வரைஞ்ச படங்கள் நிறைய இருக்கு. அந்தப் பாறையை வரைஞ்ச படங்கள் ரொம்பக் குறைவு. ரெண்டும் ஒண்ணுதானேன்னு தோணலாம். ஒண்ணு இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

சோதிச்சுப் பார்க்கணும்னா நம்ம ஊர்க்காரர் யாரிடமாவது தாளும் பென்சிலும் கொடுத்து மலைக்கோட்டையை வரையச் சொல்லுங்க. முதல்ல உச்சிப்பிள்ளையார் கோயில் வரும். அப்புறம் நடுவுல தாயுமானவர் கோயில் மதில், அதுல காவியும் வெள்ளையுமா பட்டை. கடைசியா, இதெல்லாம் நிக்க ஒரு இடம் வேணுமேன்னு இந்தப் பக்கம் ஒரு வளைவு, அந்தப் பக்கம் ஒரு வளைவு. ரெண்டு வளைவுக்கும் நடுவில் வெறும் தாள். 83 மீட்டர் உயரக் கல், படத்தில் காலியிடமாக நிற்கும். தினசரிக் காலண்டர், ஸ்வீட் பெட்டி, கடைப் பலகை எல்லாத்துலயும் இதே படம்தான். ஊர் பேசும் பேரில் மலை முதலில் வருது, கோட்டை பின்னாடி வருது. படத்தில் மட்டும் கோட்டை வந்து மலை காணாமப் போயிடுது.

இதுக்கு நாம மட்டும் காரணம் இல்லை. 18ஆம் நூற்றாண்டிலிருந்து வெளியூர் ஓவியர்கள் வந்து வரைஞ்ச விதமும் இதுதான். அதில் விலகி நிற்பவர் ஒருவர்: எட்வர்ட் லியர். 1874-இல் திருச்சிக்கு வந்தவர். அவர் தாள்களைப் பற்றிப் பேசும் முன்னால், அவருக்கு முந்தினவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிடலாம்.

ஐரோப்பியர்களுக்கு நம்ம பாறை அறிமுகமானது போர்ச்செய்தியாகத்தான். 1750-களின் தொடக்கத்தில் முகமது அலிக்கும் சந்தா சாகிபுக்கும் நடந்த சண்டையில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். சண்டையின் பெரும்பகுதி திருச்சியைச் சுற்றியே நடந்தது. ஊரைச் சுற்றியிருந்த பாறைகளுக்கெல்லாம் படை வரைபடத்தில் பேர் விழுந்தது. நம்ம பொன்மலை ‘கோல்டன் ராக்’ ஆனது அப்படித்தான். 1753-இல் அங்கே ஒரு பெரிய மோதலே நடந்தது. ராபர்ட் ஆர்ம் இந்தப் போர்களைப் பற்றி எழுதிய வரலாற்றின் முதல் பாகம் 1763-இல் லண்டனில் வெளிவந்தது. படிச்சவனுக்குப் பாறை ஒரு காவல்மேடு. யார் மேலே ஏறி தூரநோக்கியில் பார்க்கிறார்கள், யார் கீழே மாட்டிக்கொள்கிறார்கள் என்பதுதான் கணக்கு. கல் எப்படி இருக்கும் என்ற கேள்விக்கே அதில் இடமில்லை.

அந்தப் புகழைக் கேட்டு வளர்ந்த தலைமுறையில்தான் தாமஸ் டேனியலும் அவர் அண்ணன் மகன் வில்லியமும் வருகிறார்கள். 1792-இல் சென்னையிலிருந்து கிளம்பித் தெற்கே வந்து திருச்சியை வரைந்தார்கள். பிறகு லண்டன் போய் 1795 முதல் 1808 வரை, 144 படங்களாக ‘ஓரியண்டல் சீனரி’ என்ற பெருந்தொகுப்பை வெளியிட்டார்கள். திருச்சிப் படங்கள் அதன் இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. காவிரிப் பக்கமிருந்து பார்த்த பாறையும் அதில் உண்டு.

அந்தப் படங்கள் அழகானவை, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனா அவை எப்படி உருவாயின என்று தெரிஞ்சுக்கிட்டா, பாறைக்கு என்ன ஆச்சுன்னு புரியும். ‘கேமரா அப்ஸ்கியூரா’ என்ற இருட்டுப்பெட்டி உதவியோட முதல்ல பென்சில் கோடு. ஒரு ஓட்டை வழியா வெளிச்சம் உள்ளே வந்து, வெளிக்காட்சி தாளில் விழும். அதன் மேலேயே வரைஞ்சுக்கலாம். அப்புறம் சில வருஷம் கழிச்சு லண்டனில், செப்புத்தட்டில் ‘அக்வாடின்ட்’ வேலை. பிசின் தூளைத் தட்டில் தூவிச் சூடுகாட்டி ஒட்டவைத்து, அமிலத்தில் முக்குவார்கள். தூளுக்கு இடையே அமிலம் அரிக்க அரிக்க மை பிடிக்கும் நுண்குழிகள் உண்டாகும். அச்சடித்தால் நீர்வண்ணம் பூசின மாதிரி மென்மையான தொனி கிடைக்கும். கடைசியில் கையால் வண்ணம்.

இருட்டுப்பெட்டி விளிம்புகளைத்தான் நன்றாகப் பிடிக்கும். கோபுரம், மதில், மண்டபத்தூண் எல்லாத்துக்கும் விளிம்பு உண்டு. பாறையின் உடம்புக்கு விளிம்பு கிடையாது. வானத்தைத் தொடும் இடத்தில் மட்டும்தான் ஒரு கோடு. அக்வாடின்டோ ஒரு தொனியிலிருந்து அடுத்த தொனிக்கு வழுக்கிக்கொண்டு போகும். அதனால் டேனியல்களின் படத்தில் கட்டடங்கள் கத்தி மாதிரி துல்லியம், பாறை துணி போர்த்தின மாதிரி வழவழப்பு. அவர்கள் பாறையைக் கவனிக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ‘முடித்த படம்’ என்ற அவர்கள் இலக்கணத்துக்குள் பாறையின் சொரசொரப்புக்கு வேலையில்லை, அவ்வளவுதான்.

1858-இல் கேமராவே வந்துவிடுகிறது. கம்பெனிப் படையில் அதிகாரியாக இருந்து சென்னை அரசின் புகைப்படக்காரரான லினேயஸ் ட்ரைப், காகித நெகட்டிவ்களில் திருச்சியை எடுத்தார். அந்தக் காலத்துப் படத்துக்கு நெடுநேர வெளிச்சம் வேணும். ஆள் அசைவான், இலை அசையும், தண்ணி அசையும், வானம் வெறும் வெள்ளையாகப் போய்விடும். வானத்தில் மேகத்தை ட்ரைப் நெகட்டிவ் மேலேயே தூரிகையால் தொட்டுச் சேர்த்ததுண்டு. அசையாம உட்காரத் தெரிஞ்ச ஒரே ஆள் பாறைதான். அப்படியும் அது அவருக்குப் பின்னணிதான். அரசு அவரிடம் கேட்டது கட்டடங்களின் பதிவு. பாறை அதைத் தாங்கும் மேடை.

இப்போ லியர். இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு அவர் ஆந்தையையும் பூனையையும் படகில் ஏற்றிவிட்ட வேடிக்கைப் பாட்டுக்காரர். தன்னை அவர் அப்படி நினைக்கவில்லை. நிலக்காட்சி ஓவியர் என்றுதான் சொல்லிக்கொண்டார். வைஸ்ராய் நார்த்புரூக் அழைப்பின் பேரில் 1873 நவம்பரில் இந்தியா வந்து 1875 ஜனவரி வரை சுத்தினார். வயசு அறுபதைத் தாண்டிவிட்டது, உடம்பு சரியில்லை. அப்படியும் வடக்கே இமயமலையிலிருந்து தெற்கே இலங்கை வரை போனார். அந்தப் பயணத்துத் தாள்களில் பெரும்பகுதி இப்போ ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கு.

அவர் வேலை செய்யும் முறை இது. இடத்தில் உட்கார்ந்து பென்சிலால் சரசரவென்று வரைவார். ஓரத்தில் ஊர்ப்பேர், தேதி, சில சமயம் மணி நேரம்கூட எழுதுவார். எங்கே என்ன நிறம் என்று படத்துக்குள்ளேயே சொற்களாகக் கிறுக்குவார். பின்னாடி ஓய்வா இருக்கும்போது பென்சில் கோட்டின் மேல் பழுப்பு மையால் பேனா ஓட்டி, நீர்வண்ணத்தை லேசாகக் கழுவிவிடுவார். பாறைகள் என்பதற்கான ஆங்கிலச் சொல்லை முழுசா எழுதாமல், காதில் விழும் ஓசைக்கு மூணே எழுத்தில் எழுதிவிட்டுப் போவது அவர் வழக்கம். நம்மாளு ‘பாறை’க்குப் பதில் ‘பார’ன்னு எழுதிட்டுப் போற மாதிரி. குறும்புதான். ஆனா படத்துக்கு நடுவில் அந்தச் சொல் நிற்கும்போது ஒரு விஷயம் நடக்குது. டேனியல்களின் படத்தில் ‘இங்கே கோட்டை’ என்று தெரியும். இங்கே ‘பாறை, பாறை’ என்று ஓவியர் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார்.

லியரின் இந்தியத் தாள்களில் பாறையைப் பாருங்க. பெரிய உருவத்தை ஒரே மூச்சில் ஒரு கோடு சுற்றி வரும். உள்ளே அங்கங்கே நாலஞ்சு உடைஞ்ச கோடுகள்: ஒரு பிளவு, ஒரு உப்பல், மழைத்தண்ணி வழிஞ்ச தடம். மீதி இடம் தாளாகவே இருக்கும். ஊர்க்காரர் வரைந்த காலியிடமும் இதுவும் ஒண்ணு இல்லை. அவருடைய தாள் வெறுமைக்கு எடை இருக்கு, ஏன்னா சுற்றி விழுந்த கோடுகள் அந்தக் கல் எந்தப் பக்கம் சாயுது, எங்கே வெயிலை வாங்குதுன்னு சொல்லிட்டே இருக்கு. கோயில்களை ரெண்டு மூணு கீறலில் முடித்துவிடுவார். கட்டடத்துக்குக் கீறல், கல்லுக்குக் கோடு. நூறு வருஷமா இருந்த வரிசையை அவர் மாத்திப் போட்டார்.

அவசரத்துல வந்த அதிர்ஷ்டம்னு இதைத் தள்ளிட முடியுமா? எனக்கு அப்படித் தோணலை. லியர் தொழிலைத் தொடங்கியது கிளிகளை வரைந்து. பத்தொன்பது இருபது வயசில் ஒவ்வொரு இறகாக எண்ணி வரைஞ்ச கை அது. விக்டோரியா மகாராணிக்கே 1846-இல் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். கண்பார்வை மங்கியது அவர் நுண்வேலையை விட்டதற்கு ஒரு காரணம், உண்மைதான். ஆனா துல்லியம் என்றால் என்னவென்று தெரிஞ்ச ஒருத்தர் கல்லின் முன்னால் அதைக் கைவிடுகிறார். இறகுக்கு விளிம்பு உண்டு, எண்ணிக்கை உண்டு. கல்லுக்கு ரெண்டும் இல்லை. எண்ண முடியாததை எண்ணுவதுபோல் நடிக்காமல் இருப்பதுதான் அங்கே நேர்மை.

முரண் என்னன்னா, லியருக்கே இது புரியலை. இந்தத் தாள்கள் அவருக்கு மூலப்பொருள்தான். ஊருக்குப் போய் இவற்றை வைத்துப் பெரிய எண்ணெய் ஓவியம் செய்வதே நிஜமான வேலை என்று நம்பினார். கஞ்சன்ஜங்காவை 1877-இல் அப்படிப் பெரிய படமாகச் செய்தார். மரம், ஆள், பள்ளத்தாக்கு, பனி எல்லாம் முறையா அடுக்கியிருக்கும். இன்றைக்கு அந்தப் பெரிய படத்தை மரியாதையோடு பார்க்கிறோம். சின்னத் தாள்களை ஆசையோடு பார்க்கிறோம்.

இதே கதை கிட்டத்தட்ட அதே வருஷங்களில் பூமியின் மறுமுனையில் வேறு மாதிரி நடந்தது. பின்லாந்தில் ஃபான்னி சூர்பெரி என்ற பெண் ஓவியர், 1845-இல் பிறந்தவர். ஜெர்மனியின் டுஸல்டார்ஃபில் படித்தார். ஒழுங்காக முடித்த நிலக்காட்சிக்குப் பேர்போன ஊர் அது. அவரோ காட்டையும் பாறையையும் தடித்த வண்ணத்தில், வேகமான தூரிகையில் போட்டார். அவர் காலத்து விமர்சகர்களுக்கு அது முழுசா ஒத்துவரலை. 1880 வாக்கில் வரைவதையே நிறுத்திவிட்டு, பின்லாந்துக் கைவினையை வளர்க்கும் சங்க வேலையில் இறங்கினார். அவருடைய அருமை பரவலாகத் தெரியவந்தது 20ஆம் நூற்றாண்டில்தான்.

அவரை இங்கே இழுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பின்லாந்துப் பாறையும் நம்ம பாறையும் ஒரு வகையில் சொந்தக்காரங்க. ரெண்டும் பிரிகேம்பிரியன் காலத்துப் படிகப் பாறை. உயிர்கள் கடலைவிட்டு நிலத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே இறுகியவை. அங்கே பனிப்பாறைகள் ஊர்ந்துபோய்க் கல்லைச் சீவி, கீறல் போட்டுவிட்டன. இங்கே வேலை செய்தது வெயிலும் மழையும். சுற்றியிருந்ததெல்லாம் அரிச்சுப் போக, கெட்டியான இந்தத் திண்டு மட்டும் சமவெளியில் தனியா நின்னுடுச்சு. மேல்தோல் வெங்காயம் மாதிரி ஏடு ஏடாக உரியும். அதனால்தான் நம்ம குன்றுகளுக்கு இந்த உருண்ட தோள். அங்கேயும் இங்கேயும் கல்லின் உருவம் முடிஞ்ச ஒன்று இல்லை. இன்னும் நடந்துகிட்டே இருக்கு. அதை முடித்த படமாக வரைவதில்தான் சிக்கல்.

‘சரி, வெள்ளைக்காரன் வந்து சொல்லித்தான் நம்ம கல் நமக்குத் தெரியணுமா?’ என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. பதில் மலை மேலேயே இருக்கு. மேல்குடைவரையை வெட்டுவித்த முதலாம் மகேந்திரவர்மன், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கக்காலத்தவன். ஓவியர்களில் புலி என்ற பொருளில் சித்திரகாரப்புலி என்று பட்டம் வைத்துக்கொண்டவன். அந்தக் குடைவரையில் கங்காதரர் சிற்பத்தைப் பார்த்துவிட்டு எல்லாரும் திரும்பிவிடுகிறோம். திரும்பும்போது முகப்பை ஒரு நிமிஷம் பாருங்க. தூண்கள் மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை; உளி அளந்து வேலை செய்திருக்கு. அதற்கு மேலே கண்ணை ஓட்டினால் ஒரு எல்லையில் உளி நின்றுவிடுகிறது. அதுக்கப்புறம் கல் தன்பாட்டுக்கு உப்பி, வளைந்து, மேலே போகிறது. அந்த எல்லையில்தான் பாறை பாறையாகத் தெரியுது. குடைவரை வெட்டினவங்களுக்குக் கல்லை எங்கே தொடணும், எங்கே விடணும்னு தெரிஞ்சிருந்தது. லியரின் தாளில் பேனா நிற்கும் இடமும் இதுதான் என்பது என் எண்ணம். ரெண்டு பேருக்கும் நடுவில் பன்னிரண்டு நூற்றாண்டுக்கு மேல் தூரம். ஒருவரை மற்றவருக்கு வாரிசாக்கும் உத்தேசம் எனக்கில்லை. கல் கேட்கிற மரியாதை ஒண்ணுதான்னு மட்டும் சொல்றேன்.

லியரைத் தலையில் தூக்கிவைத்துக்கொள்ளவும் வேண்டாம். வைஸ்ராயின் விருந்தாளியாக வந்தவர் அவர். ஆட்கள் அவருக்குப் பெரும்பாலும் அளவுகாட்டும் புள்ளிகள். படியேறுகிற பாட்டிக்கு மூச்சு வாங்குவது, தாயுமானவருக்கு வாழைத்தார் நேர்ந்துகொள்கிற பிள்ளைத்தாய்ச்சி, இதெல்லாம் அந்தத் தாள்களுக்குத் தெரியாது. டேனியல்களைக் குறை சொன்னதற்கும் ஓர் எதிர்க்கணக்கு இருக்கு. நகரைச் சுற்றியிருந்த கோட்டை மதிலும் அகழியும் 19ஆம் நூற்றாண்டில் போய்விட்டன. மெயின்கார்டு கேட் மாதிரி சில மிச்சங்கள்தான் நிற்கின்றன. அந்த மதில்களை ஆராயணும்னா டேனியல்களின் துல்லியம் நமக்கு வேணும். ஆவணத்துக்கு அவர்களிடம் போகலாம். கல்லைப் பார்க்கக் கற்றுக்கொள்ள அவர்களிடம் போக முடியாது.

அப்படிக் கற்றுக்கொள்வதால் என்ன லாபம்? தமிழ்நாட்டில் ஒரு குன்று பிழைச்சு நிற்பதைக் கவனியுங்க. மேலே கோயில் இருக்கணும், இல்லை சமணப் படுக்கை இருக்கணும், இல்லை கல்வெட்டு இருக்கணும். அப்போதான் தொல்லியல் துறை பலகை வரும், ஊர் கூடி நிற்கும். மதுரை ஆனைமலையைச் சிற்ப நகரமாக்கும் பேச்சு 2010 வாக்கில் வந்தபோது மக்கள் எதிர்த்து நின்று காப்பாத்தினார்கள்; அங்கே நரசிம்மர் இருந்தார், சமணர் சிற்பங்கள் இருந்தன. மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் முறைகேடுகளை விசாரிக்க உயர்நீதிமன்றம் 2014-இல் சகாயத்தை நியமிக்கும் அளவுக்குப் போனதும் நமக்குத் தெரியும். இந்த மாதிரி எதுவும் இல்லாத மொட்டைப் பாறைக்கு வக்கீல் கிடையாது. அது ஜல்லி, இப்போ எம்-சாண்டும்கூட. காவிரி மணலை அள்ளித் தீர்த்தோம், அடுத்ததாகக் கல்லையே மணலாக அரைக்கிறோம். இடித்துப்போட்ட பிறகு யாருக்கும் ஏதோ குறைஞ்ச மாதிரி தோணாததுக்குக் காரணம், கண்ணில் அது எப்பவுமே காலியிடமாகத்தான் பதிஞ்சிருந்தது. அட்டைப்படத்தில் ரெண்டு வளைவுக்கு நடுவே இருந்த அதே காலியிடம்.

அதனால் ஓவியம் படிக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். கும்பகோணத்திலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் ஸ்பாட் ஸ்கெட்ச்சுக்கு இந்தப் பக்கம் வருவீங்க. சின்னக்கடைத் தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்து வரைவதை ஒரு நாள் விட்டுவிட்டு, ஸ்ரீரங்கம் கரைக்குப் போங்க. அங்கேயிருந்து பார்த்தால் நாம் தெற்கே பார்க்கிறோம். காலையில் வெயில் பாறையின் இடது தோளில் விழும், சாயங்காலம் வலது தோளில். வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் நடுப்பகலில் சூரியன் அதன் முதுகுப் பக்கம் நிற்பதால் நம்ம பக்கம் நிழல் கட்டி நிற்கும். ஏப்ரல் பின்பாதியிலிருந்து ஆகஸ்ட் பின்பாதி வரை மட்டும் உச்சிச்சூரியன் கொஞ்சம் வடக்கே நகர்கிறது. அந்த நாட்களில் இந்த வடமுகத்துக்கும் மேலிருந்து வெளிச்சம் கிடைக்கும், பிளவும் உப்பலும் வெளியே வரும். உங்க பின்னாடி 236 அடி ராஜகோபுரம் நிற்கும், 1987-இல் முடிச்சது. ஒவ்வொரு நிலைக்கும் கோடு உண்டு, எண்ணி வரையலாம். முன்னாடி 273 அடிப் பாறை. எண்ண ஒண்ணும் இல்லை.

கோயிலை ரெண்டு கீறலில் வைத்துவிட்டு, மீதி நேரம் முழுக்கக் கல்லுக்குக் கொடுங்க. அரை மணியில் படம் முடியாது. முடியாததை அப்படியே வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. வீட்டில் உட்கார்ந்து அழகுபடுத்தாதீங்க.